பேசாதவருக்கும் இடம்: அணிகள், தொழில் குழுக்கள், மீட்டப்புகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

மென்பொருள் துறையிலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் காலை ஸ்டாண்ட்-அப்பில் (அணி தினமும் நின்றபடி நடத்தும் சிறு கூட்டம்) தொடங்கி மாலை மீட்டப் (ஒரே துறையில் ஆர்வமுள்ளவர்கள் கூடும் சந்திப்பு) வரை நீள்கின்றன. பல கடிதங்களில் ஒரே மனக்குறை தெரிகிறது: “எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை.” ஆட்கள் மேல் குறை காண்பதற்கு முன் கூட்டம் நடத்தப்படும் விதத்தைப் பாருங்கள் என்றுதான் பெரும்பாலான பதில்களில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அணியில் 14 பேர். ஸ்டாண்ட்-அப் தினமும் 40 நிமிடம் ஓடுகிறது. ஒவ்வொருவரும் மேனேஜர் முகத்தைப் பார்த்து “நேற்று இது, இன்று இது” என்று ஒப்பிக்கிறார்கள். மற்றவர்கள் போனில் இருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– ஒரு டீம் லீட்

இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஒன்று எண்ணிக்கை, மற்றது பேச்சு போகும் திசை.

14 பேர் கொண்ட அணியில் இருவருக்கிடையே ஏற்படக்கூடிய தொடர்புகள் 91. ஏழு பேர் என்றால் 21 மட்டுமே. ஆட்கள் இரு மடங்கானால் தொடர்புகள் நான்கு மடங்குக்கு மேல் போய்விடுகின்றன. அத்தனையையும் ஒரு கூட்டத்தில் அடைக்கப் பார்த்தால் 40 நிமிடம் ஆகத்தான் செய்யும். ஸ்க்ரம் என்பது வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் அணி முறை; 2020-இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் வழிகாட்டி, அணியில் பொதுவாக 10 பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் இருப்பார்கள் என்கிறது. உங்கள் அணியை இரண்டாகப் பிரியுங்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஃப்ரண்ட்-எண்ட் (பயனர் காணும் பகுதி) ஓர் அணி, பேக்-எண்ட் (பின்னால் இயங்கும் பகுதி) ஓர் அணி, டெஸ்டர்கள் (மென்பொருளைச் சோதிப்பவர்கள்) தனி என்று வெட்டினால், ஒவ்வொரு வேலையும் மூன்று வாசல்களில் காத்துக் கிடக்கும். கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இலேயே இதைக் கவனித்து எழுதினார்: ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அது உருவாக்கும் மென்பொருளும் அதே சாயலில் அமைந்துவிடும். பிரித்து முடித்ததும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த அணி இன்னோர் அணியின் கையை எதிர்பார்க்காமல் ஒரு சிறு வசதியையாவது பயனர் வரை கொண்டுபோக முடியுமா? முடியாது என்றால் பிரித்த கோடு தவறு.

அடுத்து திசை. ஆளாளுக்குச் சுற்றி வருவதை நிறுத்திவிட்டு, போர்டில் (வேலைகள் எந்த நிலையில் உள்ளன என்று காட்டும் பலகை) உள்ள கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்; ஒரு கார்டு என்பது ஒரு வேலை. வலது ஓரத்தில், முடியும் தறுவாயில் இருக்கும் கார்டில் தொடங்கி இடப்பக்கம் வாருங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டே கேள்விகள்: இது முடிய எது தடை, யார் கை கொடுக்கலாம்? இரண்டு நிமிடத்தைத் தாண்டும் பேச்சை ஓரமாகக் குறித்துவைத்து, சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் பிறகு பேசட்டும். 15 நிமிடத்தில் கூட்டம் கலைய வேண்டும். “நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன” என்ற மூன்று கேள்விகளைக் கட்டாயம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் பலர். 2020 வழிகாட்டியில் அவை இல்லை.

கூட்டத்தை நடத்தும் பொறுப்பு வாரம் ஒருவரிடம் மாறட்டும். மேனேஜர் வரலாம், ஆனால் போர்டுக்குப் பக்கத்தில் நிற்காமல் வட்டத்துக்குப் பின்னால் நிற்கட்டும். முதல் சில நாட்கள் சங்கடமான மௌனம் இருக்கும். அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். அந்த இடைவெளியில்தான் வழக்கமாகப் பேசாத ஒருவர் தொடங்குவார்.

இதற்குப் பிறகும் 15 நிமிடத்தில் முடியவில்லையா? கையிலிருக்கும் வேலைகள் அதிகம் என்று பொருள். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு, லிட்டில் விதி என்பார்கள். பாதியில் நிற்கும் வேலைகளை, வாரத்துக்கு முடியும் வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் எடுக்கும் என்று தெரிந்துவிடும். 24 கார்டுகள் நடுவில் நிற்க, வாரம் 6 முடிகிறது என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 4 வாரம். அதே வேகத்தில் நடுவில் 12 மட்டும் இருந்தால் 2 வாரம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்காமலே காத்திருப்பு பாதியாகிறது. ஆளுக்கு ஒரு கார்டு என்ற வரம்பில் தொடங்கி, மெல்லக் குறைத்துப் பாருங்கள். வரம்பை எட்டியபின் கை காலியானவர் புதிய கார்டை எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரின் கார்டில் சேர்ந்துகொள்வார். அணி என்ற சொல்லுக்கு அப்போதுதான் அர்த்தம் வருகிறது.

கேள்வி: ஸ்பிரிண்ட் (ஸ்க்ரமில் ஒரு சுற்று வேலைக்கான கால அளவு) 2 வாரமா, 3 வாரமா?

ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்பது மட்டுமே விதி. புதிய அணி என்றால் 2 வாரம் வையுங்கள். தவறினால் இழப்பு 2 வாரத்தோடு நிற்கும். ஆனால் வேலை முடியவில்லை என்பதற்காக நடுவில் நாளை நீட்டாதீர்கள். நீட்டினால் எது முடியவில்லை, ஏன் என்ற தகவலே கிடைக்காமல் போகும்.

கேள்வி: ரெட்ரோவில் (ஸ்பிரிண்ட் முடிவில் வேலை நடந்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) எப்போதும் அதே இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். எட்டு முடிவுகள் எழுதுகிறோம், ஒன்றும் நடப்பதில்லை. இப்போது “ரெட்ரோ வேண்டாமே” என்ற பேச்சு வந்துவிட்டது.
– மென்பொருள் பொறியாளர், 4 ஆண்டு அனுபவம்

ரெட்ரோவை விட்டுவிடாதீர்கள். நடத்தும் முறையை மாற்றினால் போதும்.

“யாராவது ஏதாவது சொல்லுங்கள்” என்று வெற்றாகக் கேட்டால் வேகமாக யோசிப்பவரும், பதவியில் மூத்தவரும்தான் முதலில் பேசுவார்கள். அவர்கள் சொன்னதை ஒட்டியே மற்றவர்களின் எண்ணமும் போகும். அதனால் பேச்சுக்கு முன் எழுத்து. ‘ஒன்று-இரண்டு-நான்கு-எல்லோரும்’ என்ற முறை இதற்குக் கச்சிதம்: 1 நிமிடம் தனியாக அமைதியாக எழுதுவது, 2 நிமிடம் பக்கத்தில் உள்ளவரோடு, 4 நிமிடம் நால்வராக, 5 நிமிடம் எல்லோருமாக. மொத்தம் 12 நிமிடம். நான்கு பேர் குழுவிலிருந்து கருத்து வெளியே வரும்போது அது யாருடையது என்ற அடையாளம் கரைந்துவிடும். பயப்படுகிறவருக்கு அது பெரிய துணை.

அதற்கும் முன்னால் ஒன்றை அளந்து பாருங்கள். துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் 1 முதல் 5 வரை ஓர் எண்: ‘இங்கே எதையும் பேசலாம்’ என்றால் 5, ‘சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவேன்’ என்றால் 1. எல்லோர் சீட்டும் ஒரே மாதிரிப் பேனாவில், ஒரே அளவில் இருக்கட்டும். 1, 2 என்று பல சீட்டுகள் வந்தால் அன்று திட்டமிட்ட ரெட்ரோவை ஓரம் வைத்துவிட்டு, இந்த எண் ஏறுவதற்கு எது மாற வேண்டும் என்று மட்டும் பேசுங்கள். 1 எழுதியவர் யார் என்று தேடவே கூடாது. கண்களால்கூடத் தேடாதீர்கள். பல நேரங்களில் மேலாளர் அறையை விட்டு வெளியே போனாலே எண் ஏறும். நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதுதான்: தவறை ஒப்புக்கொள்ளவும் உதவி கேட்கவும் அஞ்சாத அணிகள்தான் கற்றுக்கொள்கின்றன, நன்றாகவும் செயல்படுகின்றன.

எட்டு முடிவுகள் பற்றி. ஒன்று போதும். அந்த ஒன்றுக்கு ஒரு பெயர், ஒரு தேதி, அடுத்த ஸ்பிரிண்டின் போர்டில் ஒரு கார்டு. ‘தகவல் தொடர்பை மேம்படுத்துவோம்’ என்பது முடிவே அல்ல. ‘டெஸ்ட் சர்வரை அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன் குழுவில் செய்தி போடுவோம்’ என்பது முடிவு. அடுத்த ரெட்ரோவின் முதல் ஐந்து நிமிடம் இது நடந்ததா என்பதற்கு. இரண்டு முறை நடந்துவிட்டால் “ரெட்ரோ வேண்டாம்” என்ற பேச்சு தானாக அடங்கும். சொன்னது நடக்கிறது என்று கண்டவர்தான் மறுபடி வாய் திறப்பார்.

கேள்வி: மேலிடம் ஐந்து அணிகளின் வெலாசிட்டியை (ஒரு ஸ்பிரிண்டில் அணி முடிக்கும் ஸ்டோரி பாயிண்டுகளின் கூட்டுத்தொகை) ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடுகிறது. எங்கள் அணி கடைசி. என்ன சொல்லிப் புரியவைப்பது?

ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று மதிப்பிட ஒவ்வோர் அணியும் தனக்குத் தானே வைத்துக்கொண்ட அளவுகோல். ஓர் அணியின் 5 இன்னோர் அணியின் 13 ஆக இருக்கலாம். ஒப்பிடத் தொடங்கிய மறு மாதமே எல்லா அணிகளிலும் பாயிண்டுகள் வீங்கும். வேலை அதேதான் இருக்கும், வரைபடம் மட்டும் ஏறும். அணிகளின் நேர்மைக்கு இது செய்யும் கேட்டைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம்.

வெறுமனே மறுத்தால் மேலிடம் கேட்காது, மாற்று ஒன்றைக் கையில் கொடுங்கள். வேலை தொடங்கிய நாளிலிருந்து பயனர் கைக்குப் போன நாள் வரை எத்தனை நாள் என்று ஒவ்வொரு கார்டுக்கும் குறியுங்கள். சராசரியை விட்டுவிட்டு ‘100 கார்டுகளில் 85 இத்தனை நாளுக்குள் முடிகின்றன’ என்று சொல்லுங்கள். அந்த எண்ணையும் அணிகளுக்கு இடையே ஒப்பிடாமல், ஓர் அணி தன் கடந்த காலத்தோடு மட்டும் ஒப்பிடட்டும்.

கேள்வி: நிறுவனத்துக்குள் டெஸ்டர்களுக்காக ஒரு குழு தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு 40 பேர், மூன்றாவது மாதம் 4 பேர். மீட்க முடியுமா?
– டெஸ்டிங் துறையிலிருந்து ஒரு வாசகி

அந்த நான்கு பேர் இருக்கிறார்களே, அதுவே நல்ல தொடக்கம். இத்தகைய குழுக்களில் ஒரு சிறு மையம்தான் வேலையை இழுத்துச் செல்லும். சுற்றி ஒரு வளையம் அவ்வப்போது பங்கெடுக்கும். பெரும்பாலானோர் ஓரத்திலிருந்து கவனிப்பார்கள். ஓரத்தில் இருப்பதும் பங்கேற்பே. கற்றல் பற்றி ஆய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் எழுதியது இதைப் பற்றித்தான்: புதியவர்கள் ஓரத்தில் நின்று, பார்த்து, சிறு சிறு வேலைகள் செய்துதான் உள்ளே வருகிறார்கள். ஆகவே 40 பேரைத் திரும்பக் கூட்டுவதை இலக்காக வைக்காதீர்கள்.

கூட்டம் கரைய வழக்கமான காரணம், எல்லாக் கூட்டமும் உரையாக இருப்பது. ஒருவர் ஸ்லைடு போட, மற்றவர்கள் கேட்க, அதற்குப் பதிவு பார்த்தால் போதுமே என்று தோன்றிவிடும். நேரில் வந்தால் மட்டும் கிடைக்கும் ஒன்றைத் தர வேண்டும். இந்த வாரம் யாரையாவது வாட்டும் உண்மையான சிக்கலைக் கொண்டுவரச் சொல்லுங்கள், எடுத்துக்காட்டாக ஒரு நாள் ஓடி மறுநாள் விழும் டெஸ்ட். தலைப்புகளைச் சீட்டில் எழுதி, ஆளுக்கு இரண்டு வாக்கு. அதிக வாக்கு பெற்றதற்கு 8 நிமிடம். நேரம் முடிந்ததும் கட்டைவிரல் வாக்கு: மேலே காட்டினால் இன்னும் 4 நிமிடம், கீழே காட்டினால் அடுத்த தலைப்பு. லீன் காஃபி என்று இதைச் சொல்வார்கள். தயாரிப்பு எதுவும் வேண்டியதில்லை என்பதால் நடத்துகிறவர் களைக்க மாட்டார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நாள், அதே நேரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அலுவலக நேரத்திலேயே நடக்கட்டும், அதற்கு மேலாளர்களிடம் வெளிப்படையாக ஒப்புதல் வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு என்று வைத்தால், வீட்டில் குழந்தையோ முதியவரோ காத்திருப்பவர்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போவார்கள்.

கேள்வி: மாதம் ஒரு மீட்டப் நடத்துகிறோம், அனுமதி இலவசம். 60 பேர் பதிவு செய்தால் 25 பேர் வருகிறார்கள். பெண்களும் புதியவர்களும் ஒருமுறை வந்தால் மறுமுறை வருவதில்லை. எல்லோரையும் வரவேற்கிறோம் என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறோம்.
– இரு அமைப்பாளர்கள்

வராதவர்கள் கணக்கு சுலபமானது. ஒவ்வொரு மாதமும் பதிவு, வருகை இரண்டையும் குறித்துவைத்தால் மூன்று நான்கு மாதத்தில் உங்கள் விகிதம் தெரிந்துவிடும். இடத்தையும் நாற்காலியையும் அதற்கேற்ப ஏற்பாடு செய்யலாம். இரண்டு நாள் முன்பு ஒரு நினைவூட்டல், அதிலேயே ‘வர முடியவில்லை’ என்று ஒரே தட்டில் ரத்து செய்யும் வசதி. வராதவரைக் கண்டிக்காதீர்கள், இடத்தை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி சொல்லுங்கள்.

மறுமுறை வராதவர்கள் பற்றித்தான் நாம் நிறையப் பேச வேண்டும். புதிதாக வருகிறவர் கதவைத் திறந்ததும் காண்பது, ஏற்கெனவே அறிமுகமானவர்கள் முதுகைக் காட்டி வட்டமாக நிற்பதைத்தான். அறிவிப்பில் இருந்த வரவேற்பு அங்கே இல்லை. வாசலில் ஒருவரை நிறுத்துங்கள், அவருக்கு அன்று வேறு வேலை வேண்டாம். பெயர் கேட்டு, முதல்முறையா என்று விசாரித்து, இன்னொருவரிடம் அழைத்துப்போய் அறிமுகப்படுத்தி, பிறகு வாசலுக்குத் திரும்ப வேண்டும். பேச்சு வட்டங்களில் எப்போதும் ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி விட்டு நிற்கும் வழக்கத்தைக் கூட்டத் தொடக்கத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். யாராவது அந்த இடைவெளியில் வந்து நின்றதும் இன்னோர் இடைவெளி உண்டாக வேண்டும்.

கேள்வி நேரத்தைக் கவனியுங்கள். 10 நாடுகளில் ஏறத்தாழ 250 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்ட கூட்டங்களில், பின்னர் பெண்கள் கேட்ட கேள்விகளின் பங்கு குறைவாக இருந்தது. இதைக் கையாள: உரை முடிந்ததும் உடனே கைதூக்கச் சொல்லாமல், பக்கத்தில் உள்ளவரோடு 2 நிமிடம் பேச விடுங்கள். கேள்வி மனத்தில் உருவாகவும், இதைக் கேட்கலாமா என்ற தயக்கம் தீரவும் அந்த 2 நிமிடம் போதும். பிறகு இதுவரை பேசாத ஒருவருக்கு முதல் வாய்ப்பு.

பேச்சாளர்கள் விஷயத்தில், ‘விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று மட்டும் போட்டால் ஏற்கெனவே மேடை ஏறியவர்களே விண்ணப்பிப்பார்கள். ஆளைத் தேடிப் போய், “நீங்கள் போன மாதம் தீர்த்த அந்த டேட்டாபேஸ் சிக்கலைப் பத்து நிமிடம் பேசுவீர்களா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் ஓர் ஒத்திகை வையுங்கள்.

நடத்தை விதிகள் இல்லை என்றால் இப்போதே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். எவை ஏற்க முடியாதவை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்: உடல், உடை பற்றிய பேச்சு, அனுமதியில்லாத தொடுகை, படம் எடுத்தல், வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்தல். ‘நாகரிகமாக நடந்துகொள்ளுங்கள்’ என்ற பொதுச்சொல் யாரையும் காக்காது. புகாரை யாரிடம் சொல்வது என்று இருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். புகாரே அமைப்பாளர் மேல் என்றால் யார் விசாரிப்பார் என்பதும் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலான விதிகளில் விடுபடுவது இந்தக் கடைசி வரிதான்.

புகார் வந்தால் தனியிடத்தில் கேளுங்கள். புகார் சொல்பவரின் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள். இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். “அவர் நல்ல மனிதராயிற்றே” என்று ஒரு சொல் வந்துவிட்டால் அடுத்த புகார் உங்களிடம் வராது.

கேள்வி: அடுத்த கூட்டத்துக்குக் காது கேளாத ஒருவரும் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும் பதிவு செய்திருக்கிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும்?

பதிவுப் படிவத்தில் “நீங்கள் முழுமையாகப் பங்கேற்க என்ன ஏற்பாடு வேண்டும்?” என்ற கேள்வி இருந்ததா? இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். இப்போது அவர்கள் இருவரிடமே கேளுங்கள். காது கேளாத எல்லோருக்கும் சைகை மொழி தெரியும் என்று எண்ண வேண்டாம். சிலருக்கு நேரடி எழுத்துப் பதிவு (பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டுவது) வேண்டும், சிலருக்கு முன் வரிசையில், பேசுபவர் உதடு தெரியும் இடம் போதும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் என்றால், ஒரு மணி நேரத்தைத் தாண்டும் கூட்டத்துக்கு இருவர் தேவை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒருவரே செய்தால் பிழைகள் பெருகும். ஸ்லைடுகளையும் தொழில்நுட்பச் சொற்களையும் ஒரு வாரம் முன்பே அவர்களிடம் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பேச்சாளருக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நிற்க வேண்டும். திரை தெளிவாகத் தெரியட்டும் என்று முழு விளக்கையும் அணைத்துவிட்டால் அவர் கைகள் தெரியாது. மொழிபெயர்ப்பு சில விநாடி பின்னால் வரும், ஆகவே கேள்விக்கு அழைத்த பிறகு சற்றுப் பொறுங்கள். உடனே அடுத்தவரைக் கூப்பிட்டால் காது கேளாதவருக்கு ஒருபோதும் முறை வராது. பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் காது கேளாதவரைப் பார்த்துப் பேசுங்கள்.

“எனக்கு மைக் வேண்டாம், குரல் பெரியது” என்று சொல்லும் பேச்சாளரிடம் மைக்கைக் கையில் கொடுங்கள். காது கருவியோடு இணையும் ஒலிவளையமும் ஆன்லைன் ஒலியும் மைக் வழியாக வரும் குரலைத்தான் எடுக்கும். அவையிலிருந்து வரும் கேள்வியையும் மைக்கில் திரும்பச் சொல்ல வேண்டும்.

சக்கர நாற்காலிக்கு, அமைப்பாளரில் ஒருவர் அளவு நாடாவோடு நேரில் போய்ப் பாருங்கள். “லிப்ட் இருக்கிறது” என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். கதவு திறந்த நிலையில் இடைவெளி குறைந்தது 81 செ.மீ. சாய்தளம் 12-க்கு 1, அதாவது 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம். அதைவிடக் குட்டையான பலகையைச் சாய்த்துவைத்தால் ஏறவும் முடியாது, இறங்கும்போது ஆபத்தும் கூட. கழிவறைக்குள் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வேண்டும். வரிசைகளின் நடுவே ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு இடம் விடுங்கள், நண்பர்களோடு சேர்ந்து உட்காரலாம். கடைசி வரிசைக்கு அப்பால் ஒதுக்கினால் அது வரவேற்பு ஆகாது. மேடைக்கும் வழி இருக்கிறதா பாருங்கள். அவர் பேச்சாளராகவும் வருவார்.

ஸ்லைடுகளில் எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வரைபடத்தில் சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பாதிப் பேர் அறையில், பாதிப் பேர் ஆன்லைனில். ஆன்லைனில் இருப்பவர்கள் பார்வையாளர்களாகவே இருக்கிறார்கள்.

அணிக் கூட்டம் என்றால், ஒருவர் ஆன்லைனில் இருந்தாலும் எல்லோரும் அவரவர் கணினியிலிருந்து சேருங்கள். அறையில் இருப்பவர்கள் ஒரே அறையில் தங்கள் மைக்கையும் ஸ்பீக்கரையும் திறந்துவைத்தால் ஊளை ஒலி எழும், ஆளுக்கு ஒரு ஹெட்செட் அவசியம். மீட்டப் என்றால், ஆன்லைன் கேள்விகளைப் படிப்பதற்கென்றே ஒருவரை நியமித்து, முதல் கேள்வியை அங்கிருந்து எடுங்கள்.

கேள்வி: ஓபன் ஸ்பேஸ் முறையில் அரை நாள் நடத்தலாம் என்று நினைக்கிறோம். யாரும் தலைப்பு தரவில்லை என்றால்?

அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, தலைப்பு வராமல் போவது மிக அரிது. ஹாரிசன் ஓவன் 1980-களில் வடிவமைத்த இந்த முறையில் முன்கூட்டிய நிகழ்ச்சி நிரல் கிடையாது. வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, பேச விரும்பும் தலைப்பைத் தாளில் எழுதி, எல்லோர் முன்னும் வாசித்து, சுவரில் நேரமும் இடமும் உள்ள கட்டத்தில் ஒட்டுவார்கள். 40 பேருக்கு 45 நிமிட அமர்வுகள் மூன்று, ஒரே நேரத்தில் நான்கு மூலைகள், மொத்தம் 12 கட்டங்கள் போதும்.

நடுவில் நின்று வாசிக்கக் கூச்சப்படுபவர்களுக்கு, தாளைத் தந்தால் நடத்துபவரே வாசிப்பார் என்று முதலிலேயே அறிவியுங்கள். ஒரே தலைப்பு இருமுறை வந்தால் அவசரப்பட்டு இணைக்காதீர்கள், எழுதிய இருவரிடமும் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது வெவ்வேறு விஷயம்.

கற்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று தோன்றினால் எழுந்து வேறு மூலைக்குப் போகலாம் என்பது இதன் முக்கிய விதி. தொடக்கத்தில் இதை இரண்டு முறை சொல்லுங்கள். எழுந்து போவது மரியாதைக்குறைவு என்று நினைத்து உட்கார்ந்தே இருப்பவர்கள் நிறையப் பேர். மூலைகளுக்கு இடையே சக்கர நாற்காலி போகும் அளவு பாதை இருக்கட்டும், அப்போதுதான் இந்த விதி எல்லோருக்கும் பொருந்தும். ஒரு தலைப்புக்கு யாருமே வரவில்லை என்றால், எழுதியவர் அந்த 45 நிமிடத்தைத் தனியே அதை யோசிக்கப் பயன்படுத்தலாம், அல்லது தாளைக் கழற்றிவிட்டு வேறு மூலையில் சேரலாம். இரண்டுமே சரி என்று அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.